படமாகப் போன கடல் எச்சரிக்கை

எந்தக் கைப்பேசியாவது "படம்" என்று குரல் கொடுத்தால் எனக்கு இன்றும் உடம்பெல்லாம் எரிகிறது.

பிள்ளைச்சாவடிப் பக்கம் எங்கள் மீனவர் சங்கத்தின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அன்று, கடலுக்குப் போக வேண்டாம் என்று மீன்வளத் துறை அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். "சீல் இல்லாத எழுத்த எவன் நம்புவான்? லெட்டரப் போட்டோ புடிச்சுப் போடு" என்றார் செயலாளர். போட்டுத் தொலைத்தேன்.

வலை பின்னும் ஏழுமலை அண்ணனுக்குப் பார்வை கிடையாது. எழுத்தாக இருந்தால் அவர் கைப்பேசி வாசித்துச் சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் அவர் தம்பி படகைத் தள்ளுவார். அன்று அது "படம்" என்று மட்டும் சொன்னது. எச்சரிக்கை இல்லையென்று தம்பி போய்விட்டார். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு, காற்றோடும் அலையோடும் மல்லாடி, மதியம் கரையில் வந்து விழுந்தார்.

"கண்ணு தெரிஞ்சவங்களக் கேட்டிருக்கலாமே" என்றார் செயலாளர்.

"ஏன், உங்க சீலத் தடவிப் பாக்கச் சொல்லுங்களேன்!" என்று கத்தினேன். அவர்மேல் பாதிக் கோபம். தலையாட்டிய என்மேல் மீதி.

இப்போது எச்சரிக்கையை எழுத்தாகவே போடுகிறேன். போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, என் கைப்பேசியை வாசிக்கவிட்டுக் கேட்கிறேன்.

அன்று சீல் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக் கிளம்பியபோது, வலையிலிருந்து கையெடுக்காமல் ஏழுமலை அண்ணன் சொன்னார்: "சீல நீங்களே வெச்சுக்குங்க. எனக்குச் சேதியச் சொல்லுங்க, போதும்."