ஒரு பக்கம் மஞ்சளான வேன்

என் கணவர் எதைப் பார்த்தாலும் குறை சொல்வார். சோற்றின் குழைவு, சட்டைக் காலரின் மடிப்பு, கோயில் மணியின் சத்தம், ஒன்றும் அவரிடம் தப்பாது. இருபத்திரண்டு வருடமாகக் கடுகண்ணாவையிலிருந்து கண்டிக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை, ஒரு பிள்ளையின் விரல் கதவில் நசுங்கியதில்லை. ஆகவே உலகத்தில் மற்ற எல்லோரும் தங்கள் வேலையை அரைகுறையாகத்தான் செய்கிறார்கள் என்பது அவருடைய தீர்ப்பு. அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேன் சாவியைக் கீழே வைக்கச் செய்தது நான் கட்டிய ஒரு பொம்மை வேன்.

முதலில் என் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். மகள் கலியாணமாகிக் கொழும்புக்குப் போனபோது அலுமாரியின் அடித்தட்டில் இரண்டு பெட்டி பிளாஸ்டிக் கட்டைகளை விட்டுப் போனாள். மேலே குமிழ் குமிழாக இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று கிளிக்கென்று பூட்டிக்கொள்ளும் விளையாட்டுக் கட்டைகள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் வெளியே எடுத்தேன். எடுத்தவள் கொடுக்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டி, கண்டியில் ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த நான், சனி ஞாயிறுகளில் சாப்பாட்டு மேசையில் கட்டை அடுக்கத் தொடங்கினேன்.

"மத்த நாள்ல காயிதம் அடுக்குறா, லீவு நாள்ல கட்டை அடுக்குறா" என்று அவர் என் தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்தார். தங்கை குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறவள். இந்த விஷயத்தில் அவள் என் கட்சி. அந்த வீட்டுப் பிள்ளைகள் வேண்டாமென்று ஒதுக்கிய கட்டைகளையெல்லாம் சேர்த்து, லீவில் வரும்போது பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு வருவாள்.

பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்து அப்படியே கட்டுவதில் எனக்கு ருசியில்லை. படத்திலிருந்ததெல்லாம் வெள்ளைக்காரர் ஊர் வண்டிகள். ஒன்று ரோட்டில் விழுந்த பனியை வாரும் வண்டி. கடுகண்ணாவையில் பனியை வாரி எங்கே கொட்டுவது? அதைக் கழற்றி ஒரு த்ரீவீல் செய்தேன். முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் அது குப்புற விழுந்துகொண்டே இருந்தது. பின் சீட்டுக்கு அடியில் ஒரு பழைய பூட்டை ஒளித்து வைத்த பிறகுதான் நின்றது. அடுத்ததாகத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி, அதற்கடுத்து குப்பை டிராக்டர்.

ஒவ்வொன்றையும் அவர் தூக்கிப் பார்ப்பார். "இது த்ரீவீலா? ஹேண்டில் இப்புடி இருந்தா டிரைவருக்கு முழங்கை வெளிய தட்டும். கைய ஒடிச்சிக்கிட்டா ஓட்டுறது?" எரிச்சலான விஷயம் என்னவென்றால், அவர் சொல்வது சரியாக இருக்கும். அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அவர் சொன்னபடியே கழற்றி மாற்றிவிடுவேன். திரும்பி வந்ததும், "ஆ, இப்ப பரவால்ல" என்பார். சரியாக இருக்கிறது என்று சொல்ல மட்டும் வாய் வராது.

அந்த வருடம் வீட்டில் இன்னொரு விசேஷம். நான் எப்போதும் வேலைக்கு ரயிலில் போகிறவள். வேனின் முன் சீட்டு வாந்தியெடுக்கும் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டது, பெண்சாதிக்கு அங்கே இடமில்லை என்பது இருபத்திரண்டு வருடச் சட்டம். திடீரென்று ஒரு காலையில், "ரயில்ல எதுக்கு இடிபட்டுப் போற? முன்னுக்கு ஏறு" என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"ஏறுன்னா ஏறு புள்ள. புள்ளைங்களுக்கு நேரமாகுது."

ஏறினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மறுநாளிலிருந்து தலையில் பூ வைத்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றேன். பின்னால் பதினான்கு பிள்ளைகள் கத்திக்கொண்டு வர, முன்னால் நாங்கள் இரண்டு பேரும் புதுச் சோடி போலப் பேசிக்கொண்டு போவோம். வழி முழுக்க என்னைச் சீண்டுவார். "முன்னுக்குப் போறது எந்த ஊரு பஸ்சு? வாசி பாப்போம், எழுத்துக் கூட்டத் தெரியுதா?" என்பார். பிலிமத்தலாவை தாண்டினால், "அந்தா ஓரத்துல நிக்கிறது மாடா, மனுசனா? ஒன் கண்ணுக்கு என்னா தெரியுது?" என்பார். பேராதனையில் சிக்னலுக்கு நின்றால், "லைட்டு விழுந்திருச்சா? தூங்கிட்டியா?" என்று கேட்பார்.

"பச்சை விழுந்து பத்து நாளாச்சிங்க, கெளம்புங்க" என்று நானும் விடாமல் பதில் கொடுப்பேன். இந்த வயதில் மனுசனுக்கு வந்த குறும்பைப் பார் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். பூவைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிலும் குறை கண்டுபிடிக்கிறவர் வாயைத் திறக்கவில்லை என்றால் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்தேன், மடச்சி.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவருடைய வேனையே கட்டுவது என்று முடிவு செய்தேன். 'சரியா இருக்கு' என்ற ஒரு சொல்லை எப்படியாவது அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். வார இறுதியில் அவர் விறாந்தையில் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்திலிருக்கும் பல்லேகலயில் மேட்ச் நடந்தாலும் டிவி பக்கம் வரமாட்டார். "டிவிக்காரனுக்குக் கேமரா புடிக்கத் தெரியல" என்று அதற்கும் ஒரு குறை. அவர் ரேடியோவில் மூழ்கியிருக்க, நான் உள்ளே மேசையில் வேலை செய்வேன். எழுந்து வரும் சத்தம் கேட்டால் துவாயைப் போட்டு மூடிவிடுவேன்.

எட்டுக் குமிழ் அகலம், பதினெட்டுக் குமிழ் நீளம். குப்பை டிராக்டர் தன் சக்கரங்களைத் தியாகம் செய்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொண்டுவர முன்பகுதி முழுவதையும் கழற்ற வேண்டியிருந்தது. இழுத்துத் திறக்கும் கதவு வழுக்கி ஓடப் பள்ளக்கோடுள்ள கட்டைகள் இரண்டு வேண்டும், ஒன்றுதான் கிடைத்தது. மேலே அதை வைத்து, கீழே ஒரு ரப்பர் வளையத்தால் கதவைப் பிடித்து வைத்தேன். உள்ளே நான்கு வரிசை சீட்டு. டேஷ்போர்டில் பிள்ளையாருக்காக ஒற்றைக் குமிழுள்ள செம்மஞ்சள் கட்டை ஒன்று. மூன்று வாரம் மூச்சு விடாமல் வேலை செய்தேன், மத்தியானச் சோறு இரண்டு முறை அடிப்பிடித்தது.

இடப்பக்கமும் கூரையும் முடிந்தபோது வெள்ளைக் கட்டை தீர்ந்துபோயிற்று. டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன். மஞ்சள்தான் இருந்தது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் இல்லை, இளமஞ்சள்; ஆனாலும் வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரிந்தது. தங்கை வரும்வரைக்கும் இருக்கட்டும் என்று வலப்பக்கம் முழுவதையும் மஞ்சளிலேயே கட்டி முடித்தேன்.

நான் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காதான் முதலில் பார்த்தார். "என்ன புள்ள இது, வேனுக்கு ஒரு பக்கம் மஞ்சக்காமாலையா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகளுக்கு வீடியோவில் காட்டினேன். "அம்மா, அப்பா பாத்தா நீங்க தொலைஞ்சீங்க" என்றாள். எனக்கும் அது தெரியும். அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: கராஜில் பெயின்ட் அடிக்கிற மேஸ்திரி, அதுதான் பெயின்ட் பாஸ், பாதியில் லீவு போட்டுவிட்டார் என்று சொல்வது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தவரின் மடியில் வேனைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் முகம் மலர்ந்ததை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். கதவை இழுத்துத் திறந்தார், மூடினார். விரலை உள்ளே விட்டு சீட்டுகளைத் தடவி எண்ணினார்.

"ரெண்டாவது வரிசையில மடக்குற சீட்டு எங்க?"

"கட்டை இல்லீங்க."

"ஸ்டியரிங்கு நிமிந்து நிக்குது. கொஞ்சம் படுக்கணும். பின் பம்பர் ஒரு குமிழ் வெளிய தள்ளியிருக்கு." ராத்தாவும் மகளும் கண்டுபிடிக்காத குறைகளையெல்லாம் விரல் நுனியால் கண்டுபிடித்தார். வேனை ஒரு பக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார். இப்போது கேட்பார், இதோ கேட்கப் போகிறார் என்று நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை. மஞ்சள் பக்கத்தைக் கையால் மெதுவாகத் துடைத்துவிட்டு, "சரியா இருக்கு" என்றார்.

பிடுங்கியேவிட்டேன், அந்தச் சொல்லை. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை, என்னவோ இடித்தது. "நெறம் எப்புடிங்க?" என்று கேட்டேன்.

"நெறத்துக்கு என்னா? நம்ம வேன் மாதிரியே வெள்ள வெளேர்னு இருக்கு."

"இந்தப் பக்கமுமா?"

"அந்தப் பக்கம் மட்டும் கறுப்பாவா இருக்கும்? என்னா கேள்வி இது!"

எந்த ஊர் பஸ், மாடா மனுசனா, லைட்டு விழுந்திருச்சா என்று ஒரு வருடமாக அவர் கேட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. குறும்பாம், குறும்பு! என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து என் கண்ணால் வேன் ஓட்டியிருக்கிறார். பின்னால் பதினான்கு பிள்ளைகள். விடிந்தால் திங்கட்கிழமை.

"அந்தப் பக்கம் மஞ்சள்ங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். வேனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கோபம் வந்தது. "இருவத்திரெண்டு வருசம்! அந்த ரோடு என் கைக்குத் தெரியும். எந்த எடத்துல பள்ளம், எந்த எடத்துல வளைவு, எல்லாம் கைக்குத் தெரியும்."

"ரோடு தெரியும். ரோட்டுக்குக் குறுக்க ஓடிவர்ற புள்ள ஒங்க கைக்கு எப்புடிங்க தெரியும்?"

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, என் கையில் தராமல், பொம்மை வேனுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். "ஒரு வருசமா எல்லாம் பிளேன்டீ ஊத்துன மாதிரி பழுப்பாத் தெரியுது" என்றார். "சொன்னா புள்ளைங்கள நிப்பாட்டிருவாங்க. வேன் இல்லாம நான் என்னா செய்வேன்?" அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவரைத் திட்டவும் வேண்டியிருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டியிருந்தது. இரண்டையும் செய்தேன்.

பிறகு வீடு வீடாகப் போன் எடுத்தார். முதல் வீட்டுக்கு, "வேன்ல சின்ன வேலை ஒண்ணு" என்று தொடங்கினார். நான் போனை வாங்கினேன். வேன் நன்றாக இருக்கிறது, அவருக்குத்தான் கண் சரியில்லை என்று பதினான்கு வீட்டுக்கும் நானே சொன்னேன். ஒரு தாய் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டாள். அவள் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

மறுநாள் கண்டிக்கு ரயிலில் போனோம். ரயில் டிரைவருக்கு பிரேக் பிடிக்கத் தெரியவில்லை என்றார். பயந்துபோயிருக்கிறார் என்று புரிந்தது. இரண்டு கண்ணிலும் முற்றிய புரை, ஒப்பரேஷன் செய்தால் தெளிந்துவிடும் என்றார் டாக்டர். முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து மற்றது. அதுவரை பிலிமத்தலாவைக்காரர் ஒருவரின் வேன் எங்கள் பிள்ளைகளை ஏற்றிப் போனது. ஒவ்வொரு காலையும் விறாந்தையில் உட்கார்ந்து, "கியர் மாத்துற சத்தத்தப் பாரு, மரம் அறுக்குற மாதிரி" என்று அதற்குக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கண்ணின் கட்டுத்துணியை அவிழ்த்த பிறகு, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குள் வந்தவர் மேசையருகே நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏய் புள்ள! என்னா அநியாயம் இது? நல்ல வேனைப் பாதி மஞ்சளாக்கி வச்சிருக்க! இதையா சரியா இருக்குன்னு சொன்னேன்?"

பெயின்ட் பாஸ் பதில் தயாராகத்தான் இருந்தது. சொல்ல வரவில்லை. அழுகைதான் வந்தது.

வேன் ஓட்டலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்த பிறகு, பதினான்கில் பதினொரு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். என்னைத் திட்டிய தாயின் பிள்ளையும் வந்தது. வேன் மறுபடி ஓடத் தொடங்கிய திங்கட்கிழமை காலை அவருக்கு முன்பே நான் புறப்பட்டு ஸ்டேஷனை நோக்கி நடந்தேன். பழக்கத்தில் பூவும் வைத்திருந்தேன். பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தது.

"எங்க போற?"

"ரயிலுக்குத்தான். லைட்டு பச்சையா செவப்பான்னு சொல்ல இனி ஒங்களுக்கு ஆள் வேணாமே." குரலில் கோபத்தை மறைக்க நான் முயலவில்லை.

"ஏறு."

ஏறி உட்கார்ந்தேன். வேன் கிளம்பவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் என் தலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூ கோணலா இருக்கு" என்றார். "ஒரு பக்கமா சாஞ்சி கெடக்கு. சரி பண்ணு."

ஒரு வருடமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.