அரிசி நிறைந்த மரியே

இந்த வருடம் வாசித்த புத்தகங்களில் ஒன்றுகூட எனக்கு உருப்படியாகப் படவில்லை. தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாசிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை கிடையாது. அதனால் கோபப்படவும் நிறைய நேரம் கிடைக்கிறது.

முதலில் ஒரு சரித்திரப் புத்தகம், தலையணைத் தடிப்பு. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றியது. எந்த ராசா எவ்வளவு முத்தை அள்ளினான், எந்தக் கப்பல் அதை எங்கே கொண்டுபோனது என்பதெல்லாம் பிசகாமல் இருக்கிறது. மூச்சடக்கிக் குதித்தவன் ஒருவனுக்காவது பெயர் இருக்கவேண்டாமா? கிடையாது. அதற்குப் பதிலாக ஊரில் நிற்கும் பெருக்குமரத்துக்கு ஒரு அத்தியாயம், தெருவில் திரியும் கழுதைக்கு இரண்டு படம். என்ன கோதாரிச் சரித்திரம் இது!

அடுத்தது யுத்தத்தைப் பற்றியது. எழுதியவர் படித்த மனிதர், பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. ஆனால் அவருடைய வசனங்களில் எழுவாயைத் தேடித் தேடியே களைத்துப்போனேன். மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர், பலர் காணாமல் ஆக்கப்பட்டனர் என்றே போகிறது. ஆக்கியது யார் ஐயா? காற்றா?

நான் உரத்துத்தான் வாசிப்பேன், அக்காவுக்காக. இரத்தத்தில் சீனி ஏறிய வருத்தத்தால் அவருக்குக் கண் மங்கிவிட்டது. பின்னேரங்களில் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருவார். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"தம்பி, இதில பெடியன் ஆரும் வாறானோ?"

அவருடைய ஒரே மகன் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வன்னியில் காணாமற் போனான். சொந்த ஊர் விடத்தல்தீவிலிருந்து ஓடி, ஓடிப்போன இடத்திலிருந்தும் ஓடி, ஒரு நாள் தண்ணீர் எடுத்துவரப் போனவன் திரும்பவில்லை. அக்கா ஏறாத கந்தோர் இல்லை, பேசாத கூட்டம் இல்லை. யார் மைக்கை நீட்டினாலும் மகனைப் பற்றிச் சொல்லுவார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் புத்தகங்களுக்குள் தேடத் தொடங்கினார். "இத்தனை பேர் எழுதுகினம். அதில ஆராவது ஒராள் அவனைக் கண்டிருக்க மாட்டாரோ?" என்பார். நான் அடுத்த புத்தகத்தை வாங்கப் போவேன்.

நாவல்கள் இன்னும் மோசம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதிய நாவலில், எங்கள் கரையோரப் பெடியன் ஒருவன் "நான் மீன் பிடிக்கச் செல்கிறேன் அம்மா" என்கிறான். இங்கே எவன் அப்படிச் சொல்லுவான்? 'தொழிலுக்குப் போறன்' என்றுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு நடப்பான். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இவன் எங்கட பெடியன் இல்லை. மூடு."

கடைசியாக வந்தது வேறொரு நாவல். உள்ளதைச் சொல்லவேண்டும், அந்த மனிதர் நன்றாக எழுதியிருந்தார். ஒரு இடத்தில் ஷெல் விழுகிறது. பங்கருக்குள் எல்லோரும் நடுங்கிக்கொண்டு செபமாலை சொல்கிறார்கள். ஒரு பெடியன் மட்டும், பயந்துபோன தாயைச் சிரிக்கவைக்க, 'அரிசி நிறைந்த மரியே' என்கிறான்.

அக்காவின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை கீழே விழுந்தது.

செபத்தில் வரும் 'அருள் நிறைந்த மரியே' என்பதைச் சொல்லத் தெரியாத வயதில் என் மருமகன் அதை அரிசி என்றுதான் சொன்னான். மாதா அரிசி கொடுக்கிறவர் என்று நினைத்திருப்பான், பாவம். நிவாரண அரிசிக்காகச் சங்கக் கடைக் கியூவில் தாயோடு நின்று வளர்ந்த பிள்ளை. மீசை முளைத்த பிறகும் தாயைச் சீண்டுவதற்காக அப்படியே சொல்லுவான், அக்கா செபத்தை விடாமலே அவன் தொடையில் கிள்ளுவார். இது எங்கள் வீட்டுப் பகிடி. வேறொருவருக்குத் தெரிய வழியே இல்லை.

"அவன்தான்! தம்பி, அவன்தான்! இந்த மனுசன் அவனைக் கண்டிருக்கிறார். மாதாவே, என்ர பிள்ளை இருக்கிறான்!"

அக்கா சுவரைத் தடவித் தடவி மாதா சுருவத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தப் போனார். அந்த இடைவெளியில் நான் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். அந்தப் பெடியன் களப்புக் கரையில் செத்துக் கிடந்தான். புத்தகத்தைச் சட்டென்று மூடினேன். அந்த வார்த்தை உண்மையென்றால் அந்தச் சாவும் உண்மைதானே?

"மிச்சத்தையும் வாசி," என்றார் திரும்பி வந்த அக்கா.

"கண் நோகுது அக்கா."

அடுத்த நாளும் கண் நோகிறது என்றேன். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னேன். அக்காவோ எழுதியவரோடு பேசியே ஆகவேண்டும் என்று சாப்பாட்டையும் தள்ளி வைத்துவிட்டார். புத்தகக்கடைக்காரர் மூலம் பதிப்பகத்தைப் பிடித்து, ஒருவழியாக எழுத்தாளரின் நம்பரை வாங்கினேன். அக்காவுக்கும் கேட்கவேண்டும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். அந்த 'அரிசி' என்ற வார்த்தை எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"ஓம் ஐயா, அது என்ர கற்பனை இல்லை," என்றார் அவர். "மன்னாரில கோயில் மண்டபம் ஒண்டில கூட்டம் நடந்தது. ஒரு அம்மா தன்ர மகனைப் பற்றிச் சொன்னவா. அழுதுகொண்டு வந்தவா அதைச் சொல்லேக்க மட்டும் சிரிச்சவா. எனக்கு மறக்கேலாமல் போச்சு."

அந்த அம்மா என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவர் வாயிலிருந்து போன சொல்தான் புத்தகமாகி அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. எழுத்தாளர் எங்கள் பிள்ளையைக் கண்டதே இல்லை. வெட்கம்கெட்ட மனம், ஒரு கணம் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அப்படியென்றால் அந்தச் சாவு வெறும் கற்பனை. அக்காவுக்கு அது தெரியவேண்டிய தேவையே இல்லை.

"அவன்ர சாவை எழுதின அண்டைக்கு நானும் சாப்பிடேல்லை ஐயா."

ஐயோ என்று ஸ்பீக்கரை நிறுத்தப் போனேன். அதற்குள் அக்கா போனை என் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"மகன், அந்த அம்மா நான்தான். நான் உங்களுக்குச் சொல்லேக்க அவன் சாகேல்லை. தண்ணி எடுக்கப் போனவன் எண்டுதானே சொன்னனான். பிறகு ஏன் அவனைச் சாக்காட்டினனீங்கள்?"

மறுமுனையில் "அம்மா..." என்றது மட்டும் கேட்டது.

"திரும்பவும் புத்தகம் அடிப்பீங்கள்தானே? அடிக்கேக்க அவனை உயிரோட விடுங்கோ."

எழுத்தாளர் விம்முவது எனக்குக் கேட்டது. அக்கா அழவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார்.