மிளகாய் மணத்த யன்னல்

"அம்மா, யன்னலைப் பூட்டிட்டு மிளகாய் வறுங்கோ, கீழ என்ர சிநேகிதிகள் நிக்கினம்," என்று மகள் சொன்னதும் அகப்பையை அடுப்போரம் வைத்தேன்.

யூரோ வந்த புதிதில், ஜெர்மனியின் பீலெஃபெல்டில், இன்று இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் மாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் சமையல் மணத்தைக் கண்டித்து அயலவர்கள் அறிவித்தல் ஒட்டியதிலிருந்து, என் அம்மா யன்னல்களைப் பூட்டி, இருமி இருமி, சனிக்கிழமைகளில் மிளகாய் வறுப்பாள். மேல்வீட்டு நோரா, தன் அயர்லாந்துக் கிராமத்துச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த, விறகுபோல எரியும் மண்கட்டிகளைப் பெட்டியில் கொண்டுவந்து அடுப்பில் எரிப்பவள், ஒருநாள் கரிக்கையோடு இறங்கி வந்தாள்.

"திறவுங்கோ!" என்றாள், உடைந்த ஜெர்மனில்.

"ஏலாது, ஏசுவினம்," என்றாள் அம்மா.

"ஏசட்டும். என்ர ஊர்ப் புகையும் வருது. எது ஆரின்ரயெண்டு மோந்து பார்க்கட்டும்!"

அதன்பின் இரண்டு புகைகளும் ஒன்றாகவே வெளியேறின.

"ஏலாது பிள்ளை," என்று மகளிடம் சொல்லிவிட்டு, யன்னலை இன்னும் அகலத் திறந்தேன்.