அண்ணனுக்கு ஊற்றிய தீபாவளித் தண்ணீர்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு என்னையே எழுதச் சொன்னார்கள். எல்லாரையும்விட அவரைக் கவனித்துக்கொண்டவள் நான்தானாம். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு வெடிக்கிறது.

பெங்களூர் தொம்மலூரில் பிறந்தவர் அண்ணன். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. படிப்பை விட்டு, ஈஜிபுராவில் மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்து, என்னை ஆசிரியை ஆக்கினார். திருமணம்கூடச் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மிக்ஸியை மட்டும் மாதக்கணக்கில் தொடமாட்டார். அதற்காக என்னிடம் வாங்கிய திட்டுக்கு அளவில்லை.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தபின், மார்பில் பொருத்திய குழாய் வழியாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அங்கே ஒரு துளி தண்ணீர்கூடப் படக்கூடாது என்று டயாலிசிஸ் சிஸ்டர் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிச் சொல்லியிருந்தார். உடம்பைத் துணியால் துடைத்தே ஒரு வருடம் ஓடியது. தீபாவளி காலையில் எனக்கு மனம் கேட்கவில்லை.

“நல்ல நாளும் அதுவுமா தலைக்கு ஊத்தாம இருப்பாங்களா? கவர் சுத்தி விடறேன், வாண்ணா.”

“வேணாம்மா, சிஸ்டர் திட்டுவாங்க.”

“அவங்க வந்து பாக்கவா போறாங்க?”

பால் கவரைச் சுற்றி, பிளாஸ்திரி ஒட்டி, எண்ணெய் தேய்த்து நானே ஊற்றினேன். சின்னப் பிள்ளைபோல் சிரித்தார். பிறகு பார்த்தால் கட்டின் ஓரம் நனைந்திருந்தது. ஈரத்தை ஒற்றியெடுத்து, அதன் மேலேயே இன்னொரு பிளாஸ்திரி ஒட்டினேன். மறுநாள் சிஸ்டர் கேட்டதற்கு, வியர்வை என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் குளிர் காய்ச்சல் வந்தது. பெங்களூர்க் குளிர்தான் என்று, சிஸ்டரிடம் சொல்லாமல், மாத்திரை கொடுத்துக் கொடுத்தே டயாலிசிஸுக்கு அனுப்பினேன். இருமலில் ரத்தம் வந்தபிறகே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதயத்தின் வலப்பக்க வால்வில் கிருமிகள் கட்டியாகத் திரண்டு, துணுக்கு துணுக்காக உடைந்து நுரையீரலுக்குப் போயிருக்கின்றன என்றார் டாக்டர். குழாய் இருந்தாலே இப்படி வரலாம், எதனால் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். மூன்று வாரம் மருந்து ஏற்றியும் அண்ணன் தங்கவில்லை.

அஞ்சலி செலுத்த வந்த சிஸ்டரிடம், “உன் அலட்சியத்தாலதான் எங்க புள்ள போச்சு” என்று சித்தப்பா கத்தினார். சிஸ்டர் அழுதார். பக்கத்தில் நின்றிருந்த நான் வாயே திறக்கவில்லை. பிறகு அவர் அந்த வேலையையே விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தப்பா, கேளுங்கள்: சிஸ்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. தண்ணீர் ஊற்றியது நான். காய்ச்சலை மறைத்ததும் நான். சிஸ்டரைத் தேடிப் போய் இந்த மலரைக் கொடுக்கப் போகிறேன். மன்னிப்பாரா என்று தெரியவில்லை.