மச்சினனிடம் சொல்லாமல் விற்ற பங்கு

துடியலூரில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் கையிலும் போன் இருக்கும். பேச்செல்லாம் பங்குச் சந்தைதான். அப்படித்தான் பத்து ரூபாய்க்கும் குறைவான ஒரு பங்கை நானும் வாங்கினேன். அந்த நிறுவனம் என்ன தயாரிக்கிறது என்றுகூடத் தெரியாது. வாங்கிய மறுவாரமே ஏற ஆரம்பித்தது. என்னவோ நான் பெரிய விவரக்காரன் என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்பு லாபத்தைவிட ருசியாக இருந்தது.

அதைக் காட்டிக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. என் மனைவியின் தம்பி மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்தவனிடம் போனை நீட்டினேன்.

"இதெல்லாம் நமக்கு ஒத்து வருங்களா மாமா?"

"கெழங்கு வெலையும்தான் ஏறி எறங்குது. நீ போடு, நான் பாத்துக்கறேன்."

தன் தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போட வைத்திருந்த பணத்தை அவன் போட்டான்.

சில வாரம் இரண்டு பேருக்கும் ஏறியது. பிறகு ஒரு நாள் சரிந்தது. மறுநாள் சந்தை திறந்ததுமே, ஒரே நாளில் எவ்வளவு இறங்கலாமோ அவ்வளவும் இறங்கி நின்றது. விற்கத்தான் கூட்டம், வாங்க ஆள் குறைவு. அடுத்த நாள் காலையில் கம்பெனி வாசலில் பைக்கில் உட்கார்ந்தபடியே என்னுடையதை முழுதாக விற்கப் போட்டேன். எப்படியோ விற்றுவிட்டது. போட்ட முதலுக்கு மோசமில்லை. போனைச் சட்டைப் பைக்குள் வைப்பதற்குள் மச்சினன் கூப்பிட்டான்.

"மாமா, வித்துப்போடட்டுங்களா?"

"அவசரப்படாத கண்ணு, ஏறும்."

நான் விற்றுவிட்டேன் என்று சொன்னால் விவரக்காரன் என்ற பெயர் போய்விடும். வேறு காரணம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் விற்க முயன்றபோதெல்லாம் வாங்க ஆளே இல்லை. விலை சில்லறைக் காசுக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பை நிறையக் கேரட்டோடு வந்து, "உங்களுக்கும் போயிருச்சுங்களே மாமா, மனசு உட்றாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். நானும் தலையை ஆட்டினேன்.

கோடையில் அவன் தோட்டத்துக்கு லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றுவதாக என் மனைவி சொன்னாள். மறுநாள் லீவு போட்டு, விற்ற பணத்தில் பாதியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மண்டியில், மூட்டைகளுக்கு நடுவே நின்றபடியே, அன்று விற்றதைச் சொல்லிவிட்டேன்.

பக்கத்து மூட்டையின் வாயைக் கட்டிவிட்டுக் கேட்டான். "அன்னைக்கு நானும் விக்கப் போட்டிருந்தா வித்திருக்குங்களா?"

"வித்திருக்கலாம்."

யாரோ கிழங்கு வாங்க வந்தார். அவருக்கு எடை போட்டு அனுப்பிவிட்டு வந்தான். நான் நீட்டிய பணத்தை வாங்கிக்கொண்டான்.

"கடனா வெச்சுக்கறேனுங்க."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

போர் போட்டுவிட்டான், தண்ணீரும் வந்துவிட்டது. மாதாமாதம் அவனிடமிருந்து என் கணக்குக்குப் பணம் வருகிறது. திருப்பி அனுப்பினால் மறுபடி அனுப்புகிறான். வந்ததாகப் போன் காட்டும்போது, பக்கத்தில் மனைவி இருந்தால் திரையைக் கவிழ்த்து வைக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.