மூச்சு விட இடம் கேட்டவர்

செய்தி வந்தபோது ஒரு குழந்தையின் முகத்தில் நெபுலைசர் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் அக்காவின் கணவர்தான் போனில் பேசினார். "எஸ்தர் போயிட்டாம்மா." மருந்து தீரும்வரை நான் நகர முடியவில்லை. அந்தக் குழந்தையின் நெஞ்சில் கேட்ட விசில் சத்தத்தைக் கடைசி மாதங்களில் அக்காவிடமும் கேட்டிருக்கிறேன்.

மண்ணரையில் எங்கள் சிறிய மருத்துவமனைக்கு வந்த எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். கணவருக்குப் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்ததால் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, எங்களோடு நர்ஸாகச் சேர்ந்தவர்.

ஒருமுறை எங்கள் டாக்டர் ஒரு தாயிடம், இருமலும் இரைப்புமாக இருந்த மகளை நல்ல காற்றில் விளையாட விடச் சொன்னார். "நல்ல காத்து எங்கீங்க கெடைக்கும்?" என்று அவள் கேட்டாள். அந்த ஞாயிறு அக்கா அந்தச் சிறுமியையும் இன்னும் சில தாய்மாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, பாலத்துக்கு அப்பால் பங்களாக்கள் நிறைந்த காலனியின் பூங்காவுக்குப் போனார். நானும் உடன் போனேன்.

காவலாளி தடுத்தார். "ஏனுங்க, இது காலனிக்காரங்களுக்கு மட்டுமுங்க." நடக்க வந்திருந்த ஓர் அம்மாளும், "இத்தன கொழந்தைங்க வந்தா ஒரே சத்தமா இருக்குமுங்க" என்றார்.

"சத்தம் போட மூச்சு இருந்தா நாங்க ஏம்மா இங்க வாறோம்?" என்றார் அக்கா.

அந்த அம்மாள் சிறுமியைப் பார்த்தார். வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "உள்ள உடுங்க" என்றார் காவலாளியிடம்.

மாலைவரை புங்கமரங்களுக்கு அடியில் அந்தச் சிறுமி ஓடினாள், ஒருமுறைகூட இருமவில்லை. திரும்புகையில் பாலத்தைத் தாண்டியதும் இருமல் தொடங்கியது. அதன்பின் ஞாயிறு மாலைகளில் பூங்காக் கதவு எங்களுக்குத் திறந்தது. அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது.

அக்காவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாயப்பட்டறையின் புகைபோக்கி. காயப்போட்ட வெள்ளைச் சீருடையில் கரித்தூள் படியும். கையால் தட்டினால் கறையாகிவிடும் என்று வாயால் ஊதிவிடுவார். ஒருநாள் ஊதப் போனவருக்கு மூச்சு வரவில்லை. கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். புகைபிடிக்காத அந்தப் பெண்ணின் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது அப்படித்தான் தெரிந்தது.

டாக்டர் உடனே வீடு மாறச் சொன்னார். அக்கா என்னிடம் கேட்டார்: "நான் போனா இந்த வீட்டுக்கு இன்னொருத்தி வருவா. அவளுக்கும் நெஞ்சு இருக்குல்லா?" கணவர் கெஞ்சியபின் மடத்துக்குளம் பக்கம் வயல்வெளியில் வீடு பார்த்தார்கள். சாமான் கட்டுவதற்குள் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. திரும்பவில்லை.

பிள்ளைகளின் நெஞ்சில் கருவியை வைப்பதற்கு முன் அக்கா தாய்மாரிடம், "உன் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பாத்திருக்கு?" என்று கேட்பார். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். நேற்று ஒரு தாயிடம் கேட்டேன். "தொறக்கறதே இல்லீங்க, கரி வருதுங்க" என்றாள். சாயங்காலம் அந்த ஜன்னலைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போது, என் மூச்சிலும் அந்த விசில் இருக்கிறதா என்று நின்று கேட்டேன்.