செத்த சாக்ஸனும் ஒரு பிடி பார்லியும்

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு டொரன்டோவில் பஸ் ஏறினேன். மொன்றியலுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். டிக்கெட் அறுபத்திரண்டு டொலர். வழியில் கிங்ஸ்டனில் கால் நீட்ட இருபது நிமிடம். பஸ்ஸில் இருந்தவர்கள் பழைய தேவாலயம் பார்க்கவும், ஆற்றங்கரையில் நின்று படம் எடுக்கவும் போகிறவர்கள். அத்தானைப் பாடையில் படுக்க விடாமல் தடுக்கப் போகிறவன் நான் ஒருவன்தான்.

இந்த வேலையை என் தலையில் கட்டியவள் அக்கா. முந்தின ஞாயிறு போன் எடுத்தாள்.

"தம்பி, இந்த மனிசன் பல்கனியில குந்தியிருந்து பலகை இழைக்குது. என்னப்பா, கட்டிலோ எண்டு கேட்டன். இல்லையப்பா, என்ர பாடை எண்டுது. சிரிச்சுக்கொண்டு சொல்லுதடா!"

என் கையிலிருந்த தேத்தண்ணி காற்சட்டையில் ஊற்றுண்டது. சூடு கூட உறைக்கவில்லை.

விஷயம் இதுதான். அத்தானுக்கு மொன்றியலில், பேகல் என்ற வளைய ரொட்டி சுடும் கடையில் இரவு வேலை. அவரோடு மா உருட்டுகிற ரெஜான் என்ற கியூபெக்காரர் லீவு நாட்களில் வைக்கிங். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முந்திய இங்கிலாந்துச் சண்டைகளைக் கவசமும் கேடயமுமாக நடித்துக் காட்டும் ஒரு குழுவில் இருக்கிறார். அவர் இழுத்துப்போய் அத்தானும் சேர்ந்து ஐந்து வருடம். வைக்கிங்குகள் கப்பலில் வந்து கொள்ளையடிக்கிறவர்கள். சாக்ஸன்கள் ஊரோடு இருந்து அடி வாங்குகிறவர்கள். அத்தான் யாரும் சொல்லாமலே சாக்ஸன் பக்கம் போய் நின்றாராம். "வந்து அடிக்கிறவன்ர பக்கம் நிண்டு எனக்குப் பழக்கமில்லை மச்சான்" என்று ஒருமுறை சொன்னார்.

குழுவுக்குக் கதை எழுதிக் கொடுப்பவர் ஜொசெலீன் என்ற நூலகர் அம்மா. இந்த வருடக் கதையில் ஒஸ்ரிக் என்றொரு வயதான சாக்ஸன், ஆற்றுத்துறையை வைக்கிங்குகளுக்கு விடாமல் நின்று சாகிறான். அவன் வீரத்தைக் கண்டு மனம் இளகிய வைக்கிங் தலைவன், அவனைப் பாடையில் சுமந்து ஓடத்தில் ஏற்றி ஆற்றில் விடுகிறான். அந்தக் காலத்துச் சாக்ஸன்கள் கிறிஸ்தவர்கள், புதைப்பார்களே தவிர ஓடத்தில் விடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதற்கு, "சரித்திரம் என்னுடையதில்லை, கதை என்னுடையது" என்றாராம் ஜொசெலீன். வைக்கிங் தலைவன் ரெஜான். ஒஸ்ரிக் எங்கள் அத்தான்.

"போன மார்கழியில நெஞ்சுக்கை ஸ்டென்ட் வச்ச மனிசன்," என்றாள் அக்கா. "ஆவணியில பிள்ளைக்குக் கலியாணம். ஆடியில தகப்பன் பாடையில ஏறினா என்னடா அர்த்தம்? நீ வந்து நிப்பாட்டு. நிப்பாட்டேலாட்டி நீயும் பக்கத்தில படு."

மாலை ஐந்தரைக்கு பஸ் மொன்றியலில் இறக்கிவிட்டது. செம்மஞ்சள் கோட்டு மெட்ரோவில் ஏறி, ஜான் தலோனில் நீலக்கோட்டுக்கு மாறி, பார்க் நிலையத்தில் வெளியே வந்தால் அக்கா இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன். சமோசா பொரியும் வாசனைக்குள்ளால் எட்டு நிமிட நடை. மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது. ஏறி முடிக்கும்போது பாடை எனக்குத்தான் தேவைப்படும் போலிருந்தது.

அத்தான் வேலைக்குப் போக முன் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல்கனிக் கதவில் பாடை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா அதற்கு மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடியிருந்தாள். மூடிய பிறகு அது இன்னும் பாடையாகத் தெரிந்தது.

"அத்தான், வேற ஆரையும் படுக்கச் சொல்லுங்கோவன்," என்று தொடங்கினேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தார். "ஐஞ்சு வருசம் மச்சான். ஒவ்வொருமுறையும் முதல் நிமிசத்திலயே அம்பு பட்டு விழுற ஆள் நான். சண்டை என்னைக் கடந்து போயிடும். என்ர காலைத் தாண்டிக்கொண்டு ஓடுவினம். இந்தமுறை எனக்கொரு பேர் இருக்கு. நான் விழேக்கை எல்லாரும் நிப்பினம். விளங்குதே?"

விளங்கியது. அதுதான் கஷ்டம். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"விடிய வேலை முடிஞ்சு நேர சண்டைக்குப் போறியள். எப்ப நித்திரை கொள்ளுவியள்?" என்று கேட்டேன்.

"செத்தாப் பிறகு கொள்ளுறன்," என்று சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைக் கண்டதும் சப்பாத்தைக் கூடச் சரியாகப் போடாமல் இறங்கி ஓடினார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரெஜான் கடையிலிருந்து அத்தானையும் ஏற்றிக்கொண்டு பிக்கப் வாகனத்தோடு வந்து நின்றார். ஆறடி மூன்றங்குலம், இரண்டாகப் பின்னிய தாடி, குழந்தையின் சிரிப்பு. "போன்ஜூர், மச்சான்!" என்று என் கையைக் குலுக்கினார். அத்தானை அவர் "அண்ணை" என்றுதான் கூப்பிடுவார். பத்து வருடம் ஒன்றாக மா உருட்டிய பழக்கம். பாடையின் கால்மாட்டு முனை வாகனத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், சட்டப்படி அதில் ஒரு சிவப்புத் துணி கட்டினார். அக்கா கீழே இறங்கி வரவேயில்லை. மேலே யன்னல் திரை மட்டும் ஒருமுறை அசைந்தது.

நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் மேற்கே போய், வடக்கே திரும்பினால் ரொக்ஸ்பரோ. எல்லாமாக இருபது கிலோமீற்றர். வழியில் ஒரு மூலைக்கடையில், அதை இங்கே தெப்பனேர் என்பார்கள், ஐஸ் கட்டி இரண்டு பை வாங்கினோம். காசு வாங்கிய பெண் வெளியே எட்டிப் பார்த்து, "அது என்ன, ஏணியா?" என்றாள். "ஒருவகையில் மேலே போகத்தான்," என்றேன். நான் அப்படித்தான். நெஞ்சு படபடக்கப் படபடக்க வாய் பகிடி விடும்.

களம் ரொக்ஸ்பரோவைத் தாண்டி, தே பிரேரி ஆற்றங்கரையில் வாடகைக்கு எடுத்த ஒரு புல்வெளி. பார்வையாளருக்கு நுழைவு பதினைந்து டொலர். சண்டைக்காரருக்கு இலவசம். நான் உடனே சாக்ஸன் ஆனேன். பதினைந்து டொலரை மிச்சம் பிடிக்கப் போனவனுக்கு ஒரு கம்பளிச் சட்டையும், மூக்கு மறைக்கும் இரும்புத் தொப்பியும், ரப்பர் முனை வைத்த ஈட்டியும் கிடைத்தன. முப்பத்தொரு பாகை வெயில். ஐந்தாவது நிமிடத்தில் நான் அவித்த கிழங்கு.

பதினொரு மணிக்குக் கொம்பு ஊதினார்கள். ஆற்றுப்பக்கம் இருந்து அறுபது வைக்கிங்குகள் கேடயங்களில் கோடரியால் தட்டிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். நடிப்பு என்று மூளைக்குத் தெரியும். கால்களுக்கு யாரும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஷெல்லுக்கு விழுந்து பழகிய உடம்பு, ஈட்டியை எறிந்துவிட்டுக் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டது. ஒரு எதிரியும் இன்னும் இருபது மீற்றருக்குள் வரவில்லை. பார்வையாளர்கள் கைதட்டினார்கள். தாண்டி ஓடிய வைக்கிங் ஒருத்தி குனிந்து, "அருமையாகச் செத்தீர்கள்," என்று ஆங்கிலத்தில் பாராட்டிவிட்டுப் போனாள்.

செத்தவர்கள் கொம்பு மறுபடி ஊதும்வரை எழும்பக்கூடாது என்பது களத்துச் சட்டம். ஆகவே ஒஸ்ரிக்கின் கடைசிப் போரை நான் புல்லுக்குள்ளால் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது. அத்தான் நின்றார். இரவு முழுக்க அடுப்படியில் நின்ற மனிதன், பன்னிரண்டு கிலோ இரும்புச் சட்டையோடு, ஆற்றுத்துறைக்கென்று போட்டிருந்த மரப்பாலத்தின் வாயில் நின்றார். மூன்றுமுறை வந்தார்கள், மூன்றுமுறை தள்ளினார். நாலாம்முறை ரெஜானின் கோடரி விலாவில் பட முழங்காலில் விழுந்து, பிறகு பக்கவாட்டில் சரிந்தார். அவர் சொன்ன மாதிரியே எல்லோரும் நின்றார்கள். காற்றுக்கூட நின்ற மாதிரி இருந்தது. பிறகுதான் அக்காவின் நினைவு வந்தது.

கொம்பு ஊதியதும் பாய்ந்து ஓடினேன். அதற்குள் பாடையில் தூக்கிக் கிடத்திவிட்டார்கள்.

"அத்தான், எழும்புங்கோ! அக்கா என்னைக் கொல்லுவா! எழும்புங்கோ அத்தான்!" என்று பாடையின் காலைப் பிடித்து இழுத்தேன்.

கூட்டத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். ஜொசெலீன் அம்மா நெஞ்சில் கை வைத்தபடி வந்து, "எவ்வளவு உண்மையாக இருக்கிறது! நீங்கள் ஒஸ்ரிக்கின் தம்பியாக இருங்கள். முதல் மரியாதை உங்களுக்கு," என்று சொல்லி ஒரு மரக் கிண்ணத்தை என் கையில் தந்தார். உள்ளே பார்லி. பாடையைச் சுற்றி வந்து, ஆளுக்கு ஒரு பிடி அள்ளி உடம்பின்மேல் தூவ வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அத்தான் அசையவில்லை. ஸ்டென்ட், வெயில், இரும்புச் சட்டை. குனிந்து பார்த்தேன். மெல்லிய குறட்டை. மனிதன் சொன்னபடி செத்தபிறகு நித்திரை கொள்கிறார். வாய் பாதி திறந்திருந்தது.

நிம்மதி வந்தால் என் மூளை லீவு எடுக்கும். பாடை, சுற்றிவரச் சனம், கையில் தானியம், திறந்த வாய். கனடாவுக்கு வந்த இருபத்தைந்து வருடத்தில் எத்தனை செத்த வீடு போயிருப்பேன்? இடப்பக்கமாகச் சுற்றி வந்தேன், ஒரு பிடி அள்ளினேன், தூவ வேண்டியவன், எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, குனிந்து அத்தானின் வாயில் போட்டேன்.

உயிரோடு இருக்கிற மனிதனுக்கு வாய்க்கரிசி.

போட்ட பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. அத்தான் கண்ணைத் திறந்தார். எழும்பி இருந்தார். இரண்டு கையும் கழுத்துக்குப் போயின. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இருமலும் வரவில்லை. முகம் முதலில் சிவப்பு, பிறகு நான் பார்க்க விரும்பாத ஒரு நிறம். நான் என்ன செய்தேன்? கீழே கிடந்த யாரோ ஒருவரின் ஈட்டியை எடுத்துக்கொண்டு பாடையைச் சுற்றி ஓடினேன். ஏன் ஈட்டி என்று கேட்காதீர்கள். "தண்ணி! தண்ணி!" என்று தமிழில் கத்தினேன். சனம் கைதட்டியது.

ரெஜானுக்கு மட்டும் விளங்கியது. கோடரியை எறிந்தார். "அண்ணை! அண்ணை!" என்று கத்திக்கொண்டு வந்து, அத்தானைப் பின்னால் நின்று கட்டிப்பிடித்துத் தூக்கி, இரண்டு கை முட்டியையும் வயிற்றில் வைத்து இழுத்தார். இரும்புச் சட்டை சலங்கை மாதிரிக் குலுங்கியது. ஒன்று. இரண்டு. ஒன்றும் நடக்கவில்லை. ரெஜானின் கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் ஓடுவதை நான் கண்டேன். மூன்று. நாலாவது இழுவையில் பார்லி வெளியே பாய்ந்து என் இரும்புத் தொப்பியில் பட்டுச் சிதறியது.

அத்தான் மூச்சை உள்ளே இழுத்த சத்தம், கதவில்லாத ஒரு வீட்டுக்குள் காற்றுப் புகுந்த மாதிரி இருந்தது. நான் புல்லில் இருந்துவிட்டேன்.

செத்த ஒஸ்ரிக் எழுந்து நிற்கிறான், கொன்றவன் அவனைக் கட்டிப்பிடித்து அழுகிறான். சனம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. ஜொசெலீன் அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சாக்ஸன்கள் வென்றார்கள்!" என்று கூவினார். வைக்கிங்குகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நல்ல பிள்ளைகள், வாள்களைப் போட்டுவிட்டு ஆற்றை நோக்கி ஓடினார்கள்.

அம்புலன்ஸ்காரர்கள் வந்து நெஞ்சில் கம்பி ஒட்டிப் படம் எடுத்து, இரத்த அழுத்தம் பார்த்து, எல்லாம் சரி, ஆனால் இன்றைக்கு இதற்குமேல் போர் வேண்டாம் என்றார்கள்.

"கொக்காவுக்குச் சொல்லாதை," என்றார் அத்தான், கரகரத்த குரலில்.

"நான் ஏன் சொல்லுறன்? எனக்கு உயிரில ஆசையில்லையே?"

ஆனால் கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ எங்கள் வாகனத்தைவிட வேகமாகப் போயிருந்தது. ரொக்ஸ்பரோவிலிருந்து லண்டனுக்குப் போய், அங்கிருந்து ஒரு மாமியின் கண்ணீர்ச் செய்தியோடு பார்க் எக்ஸ்டென்ஷனுக்குத் திரும்பி வந்திருந்தது.

மூன்று மணிக்கு வீட்டின் பின்பக்கச் சந்தில் இறங்கினோம். அக்கா அங்கே நின்றாள். பக்கத்தில் மூன்று வாளி தண்ணீர், மஞ்சள் கரைத்தது. படிக்கட்டை மறித்து ஒரு கதிரை.

"செத்த வீட்டுக்குப் போய் வந்த ஆக்கள் தோயாமல் என்ர வீட்டுக்குள்ள ஏறேலாது," என்றாள். ஏச்சுக்குத் தயாராக வந்த எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நான் சாகேல்லையப்பா," என்றார் அத்தான்.

"அதைத்தான் தோய்ஞ்சு காட்டச் சொல்லுறன்."

ரெஜான் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நிலத்தில் போய்ச் சம்மணம் கட்டி இருந்தார். அக்கா முதல் வாளியை அவர் தலையில் ஊற்றினாள். பின்னிய தாடி இரண்டிலும் மஞ்சள் தண்ணீர் ஒழுகியது. "மெர்சி, அக்கா," என்றார். இரண்டாவது வாளி எனக்கு. என்னுடையது ஊற்றியதா எறிந்ததா என்று இன்னும் எனக்குச் சந்தேகம். டொரன்டோவில் என் வீட்டுக்குப் பின்னால் இப்படி நடந்திருந்தால், முதலாவது வாளிக்கே யாராவது பொலிசைக் கூப்பிட்டிருப்பார்கள். இங்கே எதிர்ப் பல்கனியில் புகைத்துக்கொண்டிருந்த கிரேக்கக்காரர் உள்ளே போய், மூன்று துவாய்களைக் கொண்டுவந்து மேலேயிருந்து எறிந்தார். ஏனென்று கேட்கவில்லை.

அத்தான் கடைசியாக வந்து கதிரையில் இருந்தார். அக்கா அவருடைய கம்பளிச் சட்டையைத் தலைக்கு மேலால் கழற்றினாள். விலாவில் ரெஜானின் பிடி பட்ட இடம் கன்றிப்போய் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாளியைத் தூக்கினாள். தண்ணீர் குளிராக இருக்கும் என்று அத்தான் தோளைக் குறுக்கி, கண்ணை மூடி, மூச்சை அடக்கினார்.

வாளி அந்தரத்தில் நின்றது.

"அடக்காதையுங்கோ," என்றாள் அக்கா. குரல் உடைந்து வந்தது. "மூச்சை விடுங்கோ. நான் பாக்கோணும்."